பிள்ளையிடம் கத்தித் தீர்த்த பிறகு: அப்பா அம்மா மன்னிப்பு கேட்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

காலை ஆறேகால் மணி. வெளியே கும்மிருட்டு. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எட்டிப் பார்க்கிறது, பிள்ளைகள் அதற்கு முன்பே பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த இருட்டில்தான் நான் என் மகனிடம் கத்தினேன்.

முந்தின இரவு ஷிஃப்டு முடிந்து வீடு வரும்போதே மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. நாலு மணி நேரம்கூட நான் தூங்கவில்லை. ஆரம்பப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிற மகன் மைலோ கோப்பையைத் தட்டிவிட்டான். அன்றைக்கு ஆசிரியரிடம் கொடுக்க வேண்டிய பயிற்சிப் புத்தகம் முழுக்க நனைந்துவிட்டது. "எருமை மாடே, உன்னைப் பெத்ததுக்கு ஒரு நாளாவது நிம்மதி உண்டா" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. வாசலில் பள்ளி வேன் வந்து நின்றது. உள்ளே இருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பதில் பேசாமல் பையை மாட்டிக்கொண்டு ஏறினான். வெள்ளைச் சட்டையின் இடது கை ஓரத்தில் மைலோ கறை அப்படியே இருந்தது.

மத்தியானம் அவனுக்குப் பிடித்த பொரித்த கோழி வைத்து நாசி லெமாக் வாங்கி வைத்தேன். சாப்பிட்டான், சிரிக்கக்கூடச் செய்தான். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ராத்திரி படுக்கும்போது கேட்டான்: "அம்மா, நான் பொறந்ததாலதான் உங்களுக்கு நிம்மதி இல்லையா?"

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். என் அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். கோபத்தில் எங்களை அடித்துவிட்டால், சாயங்காலம் தட்டில் சோறு போட்டு, மீனின் நடுத்துண்டை எங்கள் பக்கம் தள்ளி வைப்பார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று எனக்குப் புரிந்தது நானும் பிள்ளை பெற்ற பிறகுதான். அதுவரை முப்பது வருஷம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? நான் கெட்ட பிள்ளை, அதனால் அடி வாங்கினேன், அம்மா நல்லவர், அதனால் மீன் கொடுத்தார். இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றுதான். சோறு போடுங்கள், கூடவே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

முதலில் உடம்பு அடங்கட்டும்

கத்திய சூட்டிலேயே மன்னிப்பு கேட்கப் போகாதீர்கள். கோபத்தில் அட்ரினலின் ஏறி, நெஞ்சு படபடத்து, மூச்சு மேல்மூச்சாக இருக்கும். அது அடங்க இருபது நிமிடமாவது வேண்டும், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும். அந்த நேரத்தில் வாயிலிருந்து வருகிற "சாரி" பாதி வழியிலேயே இன்னொரு சண்டையாகத் திரும்பிவிடும். "சாரிதான் சொல்லிட்டேனே, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று எத்தனை வீடுகளில் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் சும்மா எழுந்து போய்விடவும் கூடாது. போவதற்கு முன்னால் ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள்: "அம்மாவுக்கு இப்ப ரொம்பக் கோபமா இருக்கு. கொஞ்ச நேரம் வெளிய நிக்கிறேன். வந்து பேசுறேன்." சொன்னபடி திரும்பி வாருங்கள். கொல்லைப் பக்கம் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளுங்கள். துணி காயப்போடுங்கள். மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக வெளியே விடுங்கள். போனை மட்டும் எடுக்காதீர்கள். அதைத் திறந்தால் இருபது நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும்.

கத்தாமல் பேச்சை நிறுத்திக்கொள்கிற பெற்றோர் உண்டு. நான் பிள்ளையை ஏசவே இல்லையே என்பார்கள். எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் தாயை, சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்காரச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, சத்தம் போட்டது. தாயின் முகம் அசையவில்லை என்றதும் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அழுதது. பேச்சு வராத குழந்தைக்கே அப்படி என்றால், இரண்டு நாள் அப்பா முகம் கொடுத்துப் பேசாத பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மௌனமாக இருந்தவர்களும் மன்னிப்பு கேட்க வேண்டியவர்கள்தான்.

அதே டிரானிக்கின் ஆய்வுகளில் எனக்கு ஆறுதல் தந்த விஷயமும் இருக்கிறது. நன்றாக இருக்கிற தாயும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் இசைந்துபோவது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மற்ற நேரமெல்லாம் விலகுவதும், திரும்ப வந்து சேருவதுமாகத்தான் போகிறது. விலகிவிட்டோமே என்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருக்காமல் திரும்பிப் போங்கள்.

உங்கள் பங்கு எது என்று பிரித்தெடுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மைலோவைக் கொட்டியது அவன். பை அடுக்குவதற்கு முன் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்ததும் அவன். அதெல்லாம் அவன் கணக்கு. எருமை என்றது நான். உன்னைப் பெத்ததுக்கு என்று இழுத்தது நான். வேனில் இருந்த பிள்ளைகள் காதில் விழும்படி கத்தியதும் நான். இந்த மூன்றும் என் கணக்கு. என் தூக்கக் கடனுக்கு அவன் பொறுப்பில்லை.

உங்களுடையதை மட்டும் ஒரு வரியாக மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். "நான் அவனை ____ என்று சொன்னேன்." "நான் அவளுடைய ____ஐ வீசி எறிந்தேன்." "நான் ரோத்தானை (பிரம்பை) எடுத்தேன்." அந்த வரியில் பிள்ளை செய்தது எதுவும் வரக்கூடாது. "அவன் கேட்கவே இல்லை, அதனால்..." என்று ஆரம்பிக்கிறதா? இன்னும் நீங்கள் தயாராகவில்லை. இன்னொரு வாளி துணி துவைத்துவிட்டு வாருங்கள்.

செய்ததைச் சுருக்காதீர்கள். அடித்திருந்தால் அடித்தேன் என்று சொல்லுங்கள். "கொஞ்சம் கோபப்பட்டுட்டேன்" என்றால், வலித்த இடத்தைத் தடவிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தான் பட்டது பொய்யோ என்று தோன்றும்.

எப்போது, எங்கே

முடிந்தால் அன்றே, தூங்குவதற்கு முன். வேலைக்குப் போக வேண்டியிருந்தால் ஒரு காகிதத்தில் எழுதித் தலையணைமேல் வையுங்கள்: "காலையில ஏசுனது அம்மா தப்பு. ராத்திரி வந்து பேசுறேன்." ராத்திரி வந்து, பேசவும் வேண்டும். காகிதம் எழுதிய தைரியத்தில் அதோடு விட்டுவிடாதீர்கள்.

நின்றுகொண்டு சொல்லாதீர்கள். பிள்ளை தரையில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதோ, பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போதோ சில பிள்ளைகளுக்குப் பேச்சு சுலபமாக வரும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம், சுவர். லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் வரிசை வீடுகளுக்கு வந்த பிறகும் ஒரே சுவர்தான், அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவர். நாம் வீட்டுக்குள் ஏசியதாக நினைக்கிறோம். பிள்ளையைப் பொறுத்தவரை அது ஊர் நடுவில் நடந்தது. மறுநாள் வேனில், கோயில் திருவிழாவில், பந்து விளையாடுகிற இடத்தில் அந்தச் சொல் அவன் பின்னாலேயே போகும்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எத்தனை பேர் முன்னால் ஏசினேனோ, அத்தனை பேர் முன்னால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் தனியாக அவனிடம் கேட்டேன்: "வேன்ல இருந்த பிள்ளைங்க முன்னாடி நான் சொல்லட்டுமா, வேணாமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லுங்க, ஆனா சீக்கிரமா சொல்லுங்க" என்றான். மறுநாள் காலை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "நேத்து நான் இவனைக் கத்துனது தப்பு. இவன் நல்ல பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். வேன் ஓட்டுகிற அண்ணன் ரேடியோவைக் குறைத்தார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். இதைப் பிள்ளையிடம் கேட்காமல் செய்யாதீர்கள், அது இரண்டாவது அவமானமாகப் போய்விடும்.

என்ன சொல்வது

நான்கு விஷயங்கள் வந்தால் போதும். நான் என்ன செய்தேன். அது உனக்கு எப்படி இருந்திருக்கும். அது என் தவறு. இனி என்ன செய்வேன். அன்றைக்கு நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, இன்னிக்குக் காலையில அம்மா உன்னை எருமைன்னு சொன்னேன். உன்னைப் பெத்ததால நிம்மதி இல்லன்னு சொன்னேன். ரெண்டுமே பொய். உனக்கு வெக்கமா இருந்திருக்கும், பயமாவும் இருந்திருக்கும். அம்மாவுக்குத் தூக்கம் இல்ல, ஆனா அது உன் தப்பு இல்ல. கத்துனது என் தப்பு. மன்னிச்சிடு. இனிமே புத்தகத்தை எல்லாம் ராத்திரியே பையில வச்சிடலாம், நானும் கூட இருந்து வைக்கிறேன்."

"இனிமேல் கத்தவே மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அடுத்த வாரமே அது உடையும். பை அடுக்குவது மாதிரிக் கையால் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு இத்தனை வரி வேண்டாம். "அம்மா சத்தம் போட்டேன். நீ பயந்துட்ட. சத்தம் போட்டது தப்பு. இப்ப கோபம் போயிடுச்சு." அவ்வளவுதான். அந்த வயதில், அம்மாவின் கோபம் தன்னால் வந்தது, தன்னால்தான் போக வேண்டும் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். கோபம் போய்விட்டது என்று காதால் கேட்பது அதற்குப் பெரிய விஷயம்.

இனி, மன்னிப்பைக் கெடுக்கிற சில பேச்சுகள். எல்லாமே நான் சொல்லிப் பார்த்தவை.

"சாரி, ஆனா நீ..." இந்த "ஆனா" வந்ததும் முன்னால் சொன்னது எல்லாம் அழிந்துவிடும். பிள்ளையின் காதில் நிற்பது "ஆனா"வுக்குப் பின்னால் வருவது மட்டும்தான்.

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்." எருமை என்பதில் என்ன நல்லது?

"நான் ஒரு நல்ல அம்மாவே இல்ல, நான் செத்துப் போனாதான் உங்களுக்கு நிம்மதி" என்று அழுவது. இதை அழுத்திச் சொல்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பிள்ளை உடனே ஓடிவந்து கண்ணைத் துடைத்துவிடும், "நீங்க நல்ல அம்மாதான்" என்று சொல்லும். காயம்பட்டவனே ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். கண்ணில் தண்ணீர் வந்தால் வரட்டும், அதைத் துடைக்கிற வேலையை அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

பொம்மை, ஐஸ்கிரீம், போனில் கூடுதலாக ஒரு மணி நேரம். கொடுக்கலாம், வேறொரு நாளில். மன்னிப்போடு சேர்த்துக் கொடுத்தால் அது விலை பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

சொல்லிவிட்டு, கேளுங்கள்

நம் பிள்ளைகள் பெரும்பாலும் உடனே "பரவாயில்லம்மா" என்பார்கள். பேச்சைச் சீக்கிரம் முடித்து இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிப்பதற்காகச் சொல்வது அது. "பரவாயில்லன்னு சொல்ல வேண்டியதில்ல. கோபம் இருந்தா இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள். அந்த அமைதியில்தான் உண்மையான விஷயம் வரும். என் மகன் அப்போதுதான் சொன்னான்: "கத்துனதுகூட பரவாயில்ல. நீங்க கோப்பைய மேசையில அடிச்சீங்கல்ல, என் மேல வீசப்போறீங்கன்னு நெனச்சேன்." கோப்பையை அடித்தது எனக்கு நினைவிலேயே இல்லை. நான் போட்டு வைத்திருந்த பட்டியலில் இல்லாதது அவன் பட்டியலில் முதலில் இருந்தது. "அதுக்கும் மன்னிச்சிடு. உன் மேல வீச மாட்டேன்" என்றேன்.

கட்டிப்பிடிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். "அப்பாவ மன்னிச்சிட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் ஒருவகைக் கட்டாயம்தான். மன்னிப்பது அவர்கள் நேரம், அவர்கள் விருப்பம்.

அப்புறம், கொட்டிய மைலோ என்ன ஆவது?

அது அப்படியே இருக்கிறது. நாம் மன்னிப்பு கேட்டதால் பிள்ளையின் தவறு காணாமல் போய்விடாது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசாமல் இருந்தால் போதும். மன்னிப்பு இன்று, புத்தகப் பேச்சு நாளை. மறுநாள் சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து நனைந்த பக்கங்களைக் காயவைத்தோம். எழுத்து அழிந்த நாலு பக்கத்தை அவன் திரும்ப எழுதினான். ஏன் தாமதம் என்று ஆசிரியருக்கு ஒரு குறிப்பு நான் எழுதிக் கொடுத்தேன். இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பள்ளிப் புத்தகம் வைப்பதில்லை.

"பிள்ளைகிட்டப் போயா மன்னிப்பு கேக்குற?"

மாமியார் கேட்பார். அப்பா கேட்பார். பக்கத்து வீட்டு அத்தை நிச்சயம் கேட்பார். கோபப்படாதீர்கள், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே ஏச்சு ஆரம்பித்துவிடும். துரை கிராணியை (கணக்கரை) ஏசுவார், கிராணி கங்காணியை (மேற்பார்வையாளரை), கங்காணி வெட்டுக்காரர்களை. சாயங்காலம் அந்தக் கோபம் லயத்துக்கு வந்து சேரும். கடைசியில் அது இறங்குவதற்கு இருந்த ஒரே இடம் பிள்ளையின் முதுகு. மேலே இருந்து கீழே ஏச்சு வந்தது, அடி வந்தது. மேலே இருந்து மன்னிப்பு வந்ததை நம் பெரியவர்கள் பார்த்ததே இல்லை. யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. பெரியவன் சின்னவனிடம் தவறை ஒத்துக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று அவர்கள் நம்புவதில் என்ன ஆச்சரியம்?

என் அம்மா கேட்டபோது நான் வாதாடவில்லை. "நீங்க மீன் துண்டு வைப்பீங்களே, அதையேதான் நான் வாயால சொல்றேன்" என்றேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பெரியவர்கள் முன்னால் பிள்ளையிடம் மன்னிப்பு கேட்பது சண்டையில் முடியும் என்றால் அறைக்குள் கேளுங்கள். பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

திரும்பத் திரும்ப நடந்தால்

வாரத்துக்கு மூன்று முறை கத்தி மூன்று முறை மன்னிப்பு கேட்டால், பிள்ளை அந்தச் சொல்லை நம்பாது. எந்த நேரத்தில் வெடிக்கிறோம் என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். எனக்கு அது எப்போதும் பின்னிரவில் வீடு திரும்பிய மறுநாள் காலைதான். அந்த நாள்களில் பிள்ளையைக் கிளப்புகிற வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் அது சம்பளத்துக்கு முந்தின வாரமாக இருக்கலாம், குடித்துவிட்டு வருகிற ராத்திரியாக இருக்கலாம். குடி என்றால் முதலில் பார்க்க வேண்டியது குடியைத்தான்.

கதவுக்குப் பின்னால் ரோத்தான் தொங்குகிறதா? இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடுங்கள். கை எட்டும் தூரத்தில் இருக்கிற வரைக்கும் கோபம் அதைத்தான் தேடும். மலேசியாவின் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் பிள்ளையின் உடலை மட்டுமல்ல, மனதைக் காயப்படுத்தும் கொடுமையையும் குற்றமாகவே பார்க்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட பிறகு அதற்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது 20 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். கை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று தோன்றினாலோ, வீட்டில் வேறொருவர் பிள்ளையை அடிப்பதைப் பார்த்தாலோ தாலியான் காசே (Talian Kasih) என்ற உதவித் தொலைபேசி, எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. அழைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தொடர்ந்து அடி வாங்கும் பிள்ளைக்கு மன்னிப்பு மருந்தாகாது, அடி நிற்க வேண்டும்.

பதின்ம வயதுப் பிள்ளைக்கு

இவர்களிடம் தரையில் உட்கார்ந்து பேசுவதெல்லாம் நடக்காது. கதவு சாத்தியிருக்கும். தட்டுங்கள், திறக்காவிட்டால் திரும்பி வாருங்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதுங்கள்: "நேத்து உன் கூட்டாளிங்க முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் தப்பு. நீ பதில் போடணும்னு இல்ல." குரல் பதிவு வேண்டாம், அதில் நம்மையறியாமல் அறிவுரை நுழைந்துவிடும். உறவினர் குழுவில் போட்டுவிடாமல் எண்ணை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலக்குறி விழும், பதில் வராது. என் மூத்த மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்கு நான் அனுப்பிய செய்திக்கு இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அறையிலிருந்து வந்தாள், குளிர்பதனப் பெட்டியைத் திறந்து மூடினாள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "ம்மா, சோறு இருக்கா?"

அந்த நேரத்தில் பழைய பேச்சை எடுக்காதீர்கள். "அனுப்பினதப் படிச்சியா" என்று கேட்காதீர்கள். தட்டை எடுத்து, சூடாக இருக்கிற பக்கத்திலிருந்து சோறு போடுங்கள்.